கனகலிங்கத்தாரும் ஆறாம் கியரும்

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு ஒரு மனிதரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னைப் பற்றி எழுதினால் மலர் முழுவதும் போதாது என்றேன். "அப்ப வேறை ஆரையும் பற்றி எழுதுங்கோ ஐயா" என்று மலர்க்குழுத் தலைவர் சுபாஸ் மூச்சு விடாமல் சொல்லிவிட்டான். ஆகவே என் சம்மந்தி கனகலிங்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய கதையில் முக்கியமான இடத்திலெல்லாம் நான் நிற்பேன். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நடந்தது அப்படி.

நான் உரும்பிராய் பஞ்சலிங்கம். ஐந்தாம் வகுப்புக்கு மேலே பள்ளிக்கூடம் என்னைக் கண்டதில்லை. லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சக்கர உழவு மெசினுக்குப் பின்னால் இழுபடும் பெட்டிகளில், வலிகாமத்தில் பாதி என் பட்டறையில் பிறந்தவை. மற்றப் பாதி என்னுடையதைப் பார்த்துச் செய்தவை.

கனகலிங்கம் சண்டிலிப்பாய்க்காரர். தகப்பன் புகையிலை போட்டவர். இவருக்குத் தோட்டத்தில் மனம் நிற்கவில்லை. இளந்தாரி வயதிலேயே ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாங்கி வாடகைக்கு ஓடத் தொடங்கினார். பெற்றோல் இல்லாத காலத்தில் எல்லோரையும் போல மண்ணெண்ணெயில் ஓட்டினார். மற்றவர்களின் கார்கள் புகைத்துக்கொண்டு நின்றபோது இவருடையது இருமிக்கொண்டாவது போய்ச் சேர்ந்தது. அதனால் கலியாணக்காரர் இவரைத் தேடினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவருடைய தொழில் கலியாணக் கார்தான். ஒரு வீட்டு அம்மா அப்பாவைக் கோயிலிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்தவர், பிறகு அவர்களின் பிள்ளைகளையும் கொண்டுவந்திருக்கிறார்.

கலியாணக் கார் என்றால் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் நாதசுரமும் தவிலும். தவில்காரர் நின்று ஒரு சுற்று வாசித்தால் காரும் நிற்கவேண்டும். பின்னால் பட்டுச்சேலைகள் வியர்த்துக்கொண்டு நடந்து வரும். ஒருமுறை ஒரு கோழி தன் குஞ்சுகளோடு காருக்கு முன்னால் றோட்டு முடியும்வரை ஆறுதலாக நடந்து போனதாம். இவர் கோன் அடித்து விரட்டவில்லை. "அதுக்கும் குடும்பம் இருக்குத்தானே" என்றாராம். கோபப்படத் தெரியாத மனிதர். தோளில் ஒரு வெள்ளைத் துவாய் எப்போதும் கிடக்கும். எதைக் கண்டாலும் அதால் துடைப்பார். இந்தத் துவாய்தான் பிறகு பெரிய வில்லங்கத்தைக் கொண்டுவந்தது.

என் மகள் நிவேதனா அவருடைய மகன் மயூரதனைக் கட்டியபோது நாங்கள் சம்மந்திகள் ஆனோம். சம்மந்தி உறவு எவ்வளவு பாரமானது என்று கட்டிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். எதிர்த்து ஒரு சொல் வரக்கூடாது. அவர் வெயில் என்றால் நான் வெயில் என்பேன், மழையில் நனைந்துகொண்டு. அவர் வந்தால் முட்டைக் கோப்பி. நான் போனால் முட்டைக் கோப்பி. எனக்கு முட்டைக் கோப்பி பிடிக்காது. இன்றுவரை குடிக்கிறேன்.

போன ஆவணியில் ஒரு நாள் அவர் பட்டறைக்கு வந்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தார். என் வெல்டிங் மெசினைத் துவாயால் துடைத்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, தென்மராட்சியிலை ஒரு கார் ஓட்டம் வருதாம். ஒரு கழகம் வைக்குது. ஒவ்வொருத்தராய் ஓடி நேரம் பாக்கிறது. வீட்டிலை செய்த கார்களுக்கும் ஒரு பிரிவு இருக்காம். மயூரதன் சொன்னவன்."

"ஓம் சம்மந்தி."

"அறுபத்தைஞ்சு வயதுக்குப் பிறகு விடமாட்டினமாம். எனக்கு வாற வரியம் அறுபத்தாறு."

"ஓம் சம்மந்தி."

"இவ்வளவு காலமும் முதலாம் கியரிலை சீவிச்சிட்டன் அண்ணை. மிஞ்சிப் போனால் ரெண்டு. ஒருக்கால், ஒரே ஒருக்கால், எல்லாக் கியரும் போட்டு ஓடிப் பாக்கவேணும்."

அந்த மனிதர் தன் வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டவர் அல்லர். "கார் நான் செய்து தாறன்" என்று நெஞ்சில் தட்டினேன்.

செய்தேன். பைப்பை வளைத்து ஒட்டி ஒரு சட்டம். ஒரு குட்டிக் காரின் சக்கரங்கள். பின் அச்சில் செயின் மாட்ட ஒரு பல்லுச்சக்கரம். கூரை இல்லை, கதவு இல்லை. பழைய வான் சீற் ஒன்று. கோயிலில் வாகனம் தூக்குகிற பெடியள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பகிடி சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். அவ்வளவு பாரம் குறைவு. இதற்குக் கார் எஞ்சினை வைத்தால் ஆட்டுக்குட்டிக்கு மாட்டுத் தலை வைத்த மாதிரி இருக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான் சரி. ஆறு கியரோடு கியர்ப் பெட்டியும் அதற்குள்ளேயே இருக்கும். பின்னுக்குப் போகிற கியர் மட்டும் இருக்காது.

எஞ்சின் பார்க்கக் குருநகருக்குப் போனோம். அங்கே கிறிஸ்ரோபர் என்றொருவன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். அடிபட்ட பெரிய மோட்டார் சைக்கிள்களையும் இறக்கிக் கழற்றி விற்பான். சீமெந்து நிலத்தில் இரண்டு எஞ்சின் வைத்திருந்தான். ஒன்று ஆயிரம் சீசீ. மற்றது நானூறு.

"ஐயா, உந்த ஆயிரம் பேய்" என்றான். "இந்த நானூறு பிள்ளை. ஆனால் குரல் பாருங்கோ." நானூறை ஒரு பலகையில் பூட்டி முறுக்கிக் காட்டினான். நாலு சிலிண்டரும் சேர்ந்து பாடியது. தேரடியில் நாதசுரக்காரர் சீவாளி நனைத்து முதல் ஊதுகிற ஊதலைப் போல மேலே மேலே போனது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, நானூறுதான். என் சட்டத்தை எனக்குத் தெரியும். ஆயிரத்தை வைத்தால் அது சட்டத்தைப் பிடித்து முறுக்கும். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்மந்தி ஆயிரத்துக்குப் பக்கத்தில் குந்தி, அதைத் துவாயால் தடவிக்கொண்டிருந்தார். மாட்டுச் சந்தையில் மனதுக்குப் பிடித்த மாட்டைத் தடவுவது போல. என் வாய் மூடிக்கொண்டது.

"ஆயிரம் நல்ல எஞ்சின் என்ன சம்மந்தி?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பிடிச்சிருக்கோ அண்ணை?"

"உங்களுக்குப் பிடிச்சால் எனக்குப் பிடிக்கும்."

"நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்."

"ஐயாமார், நான் ஒண்டு சொல்லட்டோ?" என்றான் கிறிஸ்ரோபர். "ஓடுற இடம் எப்பிடி? வளைவு கூடவோ?"

"பொறும் தம்பி" என்றேன். "சம்மந்தி ஆசைப்பட்டிட்டார்."

"அண்ணை முடிவெடுத்திட்டார்" என்றார் அவர்.

"இல்லை, வளைவு கூடவெண்டால்..."

"பொறும் எண்டன்!"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆயிரம் வீட்டுக்கு வந்தது. வரும் வழியெல்லாம் நான் நானூறின் குரலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆயிரத்தைப் பூட்டுவதற்கு நான் பட்ட பாட்டை எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும். பூட்டினேன். பஞ்சலிங்கத்தால் பூட்ட முடியாத எஞ்சின் இன்னும் செய்யப்படவில்லை. சண்டிலிப்பாய் வயல்வெளிக்குள் போகிற ஆளில்லாத றோட்டில் ஓட்டிப் பார்த்தோம். சம்மந்தி விபூதி பூசி, கெல்மற் போட்டு, ஏறி இருந்தார். கிளச்சை விட்டதுதான் தாமதம், பின் சக்கரங்கள் மண்ணை என் வேட்டியில் அள்ளிக் கொட்டின. கார் ஒரு உறுமல் உறுமி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய், றோட்டு முடிகிற இடத்தில் நின்றது. கண் மூடித் திறக்க முதல் எல்லாம் முடிந்தது.

பின்னுக்கு எடுக்க வழியில்லை. அதே நாலு பெடியளும் வந்து தூக்கித் திருப்பி வைத்தார்கள். திரும்பவும் உறுமல், நண்டு, நிற்பாட்டல்.

சம்மந்தி இறங்கினார். செத்தவீட்டில் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "நல்லாயிருக்கு அண்ணை."

"சரியான எஞ்சின் சம்மந்தி" என்றேன். பின்பக்க ஒட்டு ஒன்றில் மயிரளவு வெடிப்பைக் கண்டுவிட்டு, அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நிவேதனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கைப்பையை எறிந்தாள்.

"அப்பா, உங்கடை சம்மந்தி ரெண்டு நாளாய்ச் சோறு இறங்காமல் இருக்கிறார்."

"ஏன் பிள்ளை? கார் வடிவாய் ஓடுதே."

"என்ன ஓடுது? முதலாம் கியரிலையே நூறைத் தாண்டுதாம். அந்த இடம் முழுக்க வளைவாம். ரெண்டாம் கியர் போடவே இடம் இருக்காதாம். 'கலியாணக் காரிலையும் முதலாம் கியர், இதிலையும் முதலாம் கியர், என்ரை தலையெழுத்து அவ்வளவுதான் பிள்ளை' எண்டு சொல்லிப்போட்டு, 'கொப்பருக்குச் சொல்லிப்போடாதை, மனுசன் ஆசைப்பட்டு எடுத்தது' எண்டும் சொல்லுறார்."

"ஆர்? நான் ஆசைப்பட்டோ?"

"நீங்களும் போன கிழமை என்ன சொன்னனீங்கள்? 'நானூறுதான் திறம், மாமாவுக்குச் சொல்லிப்போடாதை' எண்டு. நான் என்ன, உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை தபால் பெட்டியோ? அதுவும் பூட்டுப் போட்ட பெட்டி!"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எல்லாக் கியரும் போட்டு ஓடவேண்டும் என்று கேட்டு வந்த மனிதருக்கு, ஒரு கியர் மட்டும் வேலை செய்கிற காரைச் செய்து கொடுத்திருக்கிறேன். அதுவும் மரியாதைக்காக.

நேரே குருநகருக்குப் போனேன். நானூறை வாங்கிக்கொண்டு வந்து, ஆயிரம் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லிச் சமாளிப்பதுதான் திட்டம். சீமெந்து நிலத்தில் நானூறு நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"வித்துப்போட்டன் ஐயா" என்றான் கிறிஸ்ரோபர்.

"ஆருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லக்கூடாது எண்டவர்."

"கிறிஸ்ரோபர், நான் நல்ல மனநிலையிலை இல்லை."

"ஒரு ஐயா. வெள்ளைத் துவாய் போட்டவர். நீங்கள் ஆயிரத்தைக் கொண்டுபோன அடுத்த நாளே வந்தவர். 'எங்கடை சம்மந்திக்கு ஒரு நாளைக்கு மனம் மாறினாலும் மாறும், ஆனால் நான் சொன்னதெண்டு இருக்கக்கூடாது' எண்டு சொல்லி ஏத்திக்கொண்டு போனவர்." பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தான். "மாதாவே, அண்டைக்கே நான் சொல்ல வெளிக்கிட்டன், நீங்கள் ரெண்டு பேரும் விட்டால்தானே!"

நான் சண்டிலிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வளவில் ஒஸ்ரினைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கோ அண்ணை, கோப்பி..." என்று தொடங்கினார். நான் நிற்காமல் பழைய புகையிலைக் குடிலுக்குள் போனேன். மூலையில் ஏதோ ஒன்று படங்குச் சீலையால் மூடிக் கிடந்தது.

"உதுக்குக் கீழை என்ன?"

"உரம் அண்ணை."

படங்கைத் தூக்கினேன். "உரத்துக்கு எப்ப தொடக்கம் நாலு காபரேற்றர் வைச்சு வருது, ஐசே?"

ஐசே. சம்மந்தியைப் பார்த்து அந்தக் கூட்டாளிச் சொல் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. இரண்டு பேரும் திகைத்துப்போய் நின்றோம். பிறகு அவருடைய காது இரண்டும் சிவந்தன. கோபப்படத் தெரியாத மனிதர் என்று மேலே எழுதினேன். அதை அழித்துவிடுங்கள்.

"நீங்கள்தானே ஆயிரம் எண்டு சொன்னியள்!" என்று கத்தினார்.

"நீர் தடவினீர்! சந்தையிலை மாட்டைத் தடவுறமாதிரித் தடவினீர்!"

"தூசி துடைச்சனான் ஐசே! எதிலை தூசி கண்டாலும் துடைக்கிறனான்! உம்மடை மொட்டையிலை தூசி இருந்தாலும் துடைப்பன்!"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"உம்மட்டைச் சொல்லேலுமோ? பெரிய பஞ்சலிங்கம்! பெரிசைத்தான் விரும்புவார் எண்டு நினைச்சன். பிள்ளையளின்ரை கலியாணத்துக்கும் உப்பிடித்தானே, ஊரிலேயே பெரிய மண்டபம் வேணுமெண்டு நிண்டீர்!"

"நான் நிண்டனானோ? நீர் அந்த மண்டபத்து வாசலிலை நிண்டு 'ஆகா' எண்டீர்!"

"வெக்கை தாங்கேலாமல் 'ஆ' எண்டனான்!"

வெளியே ஒஸ்ரினிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அந்த மண்டபம் உமக்கும் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டு மேசைக்கு மேலை காத்தாடியே இல்லை" என்றார். "முட்டைக் கோப்பி குடிக்கிறீரோ?"

"எனக்கு முட்டைக் கோப்பி பிடிக்காது, ஐசே."

"எனக்கும்தான்" என்றார். தேத்தண்ணி குடித்தோம்.

அதன் பிறகு வேலை நடந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஆயிரத்தைக் கழற்றினோம். மறைத்த வெடிப்பைக் காட்டி ஒட்டினேன். நானூறை ஏற்றினோம். கிறிஸ்ரோபரையும் கூட்டிவந்து, இந்த முறை அவனைக் கதைக்க விட்டோம்.

"மோட்டச்சைக்கிள் வளைவிலை சரியும், எண்ணெய் அடியிலையே நிக்கும்" என்றான். "கார் சரியாது. எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிப்போகும், எஞ்சின் காய்ஞ்சு இறுகிப்போம். எண்ணெய்த் தட்டுக்குள்ளை தடுப்பு வையுங்கோ, வள்ளத்திலை மீன் ஒரு பக்கம் உருளாமல் பலகை வைக்கிறமாதிரி."

அவன் சொன்னதை நான் செய்தேன். அந்தத் தடுப்பைப் பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் எஞ்சினைத் தாங்குகிற காலை ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது சம்மந்தி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோணல்" என்றார்.

"என்ன கோணல்?"

"கால் கோணல் ஐசே. செயின் கழரும்."

என் ஒட்டைக் கோணல் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அளவு கோணல். வெட்டித் திருப்பி ஒட்டினேன். பழைய மாதிரி என்றால் அவர் அதையும் "நல்லாயிருக்கு அண்ணை" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஓட்ட நாள் தென்மராட்சித் தரவை வெளியில் ஒரே சனம். கொழும்பிலிருந்து வந்த கார்கள் மினுங்கிக்கொண்டு நின்றன. எங்களுடையது பெயின்ற் அடிக்காமல் நின்றது. நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தேன். சம்மந்தி அவற்றை நசித்துக்கொண்டு போய்த் தொடங்குகிற கோட்டையும் தாண்டிவிட்டார்.

"கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ ஐயா" என்றார் கொடி வைத்திருந்தவர்.

"இதுக்குப் பின் கியர் இல்லை" என்றேன்.

"ஏன் இல்லை?"

"எங்கடை குடும்பத்திலை பின்னுக்குப் போற பழக்கம் இல்லை."

நானும் கிறிஸ்ரோபரும் முன்னால் போய் நின்று காரைப் பின்னுக்குத் தள்ளினோம். சனம் சிரித்தது. சம்மந்தி துவாயை எடுத்து என்னிடம் தந்தார். அந்தத் துவாய் இல்லாமல் அவருடைய தோளை அன்றுதான் முதல் தடவை கண்டேன்.

கொடி விழுந்தது.

கார் வளைவுக்குள் மறைந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனிக் காதுதான். ஒன்று. இரண்டு. முதல் தடவையாக இரண்டு! மூன்று. வளைவு, இறங்கி இரண்டு. திரும்ப மூன்று, நாலு. என் கையிலிருந்த துவாயை நான் பிழிந்துகொண்டிருந்தேனாம், கிறிஸ்ரோபர் பிறகு சொன்னான். எண்ணெய் எரிகிற மணம் வரவில்லை, செயின் கழலவில்லை. கடைசி நேர்த் துண்டுக்கு வந்தபோது கண்ணைத் திறந்தேன். அது நீளமான துண்டு அல்ல. நாலு. ஐந்து. முடிவுக் கோடு வந்துவிட்டது.

ஐந்துதான். ஆறு இல்லை.

கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் பிரேக் பிடிப்பார்கள். சம்மந்தி பிடிக்கவில்லை. கொடிக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். நானூறு ஒரு மூச்சு விட்டு, தேரடியில் கேட்கிற அந்த ஊதலை ஒரு படி இறக்கி, திரும்பவும் பிடித்தது. ஆறு! கார் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, தரவைக்குள் போய், ஒரு ஈச்சம் பற்றைக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அவர் சீற்றில் இருந்தபடி கெல்மற்றைக் கழற்றினார். முகமெல்லாம் புழுதி, விபூதி, வேர்வை.

"ஆறும் போட்டிட்டன் ஐசே" என்றார்.

"கோட்டுக்கு அங்காலை போட்டது கணக்கில்லை."

"ஆற்றை கணக்கிலை?"

துவாயால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டேன். கழகத்தார் வந்து நல்ல ஏச்சு ஏசினார்கள். சம்மந்தி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சிரித்தார். வீட்டில் செய்த கார்களில் அவருடைய நேரம் கடைசிக்கு முதல். பற்றைக்குள்ளிருந்து பின்னுக்கு எடுக்க வழியில்லாததால், வாகனம் தூக்குகிற பெடியளையே கூப்பிட்டுத் தூக்க வேண்டியதாகப் போயிற்று. "இதுக்கும் ஒரு திருவிழா வைச்சால் நாங்கள் வசதியாய்த் தூக்குவம் ஐயா" என்றார்கள்.

அடுத்த கிழமை சங்கானையில் ஒரு கலியாணம். கனகலிங்கத்தாரின் ஒஸ்ரின்தான் மாப்பிள்ளைக் கார். நானும் போயிருந்தேன். ஊர்வலம் பாதி வழி வந்தபோது தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காரின் யன்னலில் தட்டினார்.

"என்ன அண்ணை, துரத்துறியளோ? நாங்கள் ஓடி ஓடி வாசிக்கிறம்!"

சம்மந்தி தலையை வெளியே நீட்டி மன்னிப்புக் கேட்டார். பிறகு பின்னால் நடந்து வந்த என்னைக் கண்டு கண்ணடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். கியர் இரண்டில் நின்றது.

ஆயிரம் இன்னும் என் பட்டறையில் படங்கு மூடிக் கிடக்கிறது. ஆருக்கும் தேவையென்றால் வரலாம். வரும்போது உங்கள் சம்மந்தியைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.